பத்தொன்பது சதுரம்

பிழைப்பைத் தேடி வெளியூர் வந்து நிலைத்துவிட்ட நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் ஒரு வீடு உண்டு. அதில் நாம் வசிப்பதில்லை. விற்றுவிடவும் மனம் வருவதில்லை. கூரை ஒழுகுகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊரிலிருந்து செய்தி வரும். நாமும் இங்கிருந்தபடியே பணம் அனுப்புவோம். இங்கிருந்தபடியே யோசனை கூறுவோம். சில வேளைகளில் இங்கிருந்தபடியே கோபித்துக்கொள்ளவும் செய்வோம். அவ்விதம் மும்பையில் உட்கார்ந்துகொண்டு நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதலாமா, வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினேன். என்னைப் போன்றே பிறரும் செய்யக்கூடிய பிழையாக இருப்பதால் எழுதிவிடுவதே நல்லது என்று துணிந்தேன்.

முதலில் என் தொழிலைக் கூறிவிட வேண்டும். இல்லையேல் என் பிழையின் கனம் வாசகர்களுக்கு விளங்காது. நான் 1981-இல் பம்பாய்க்கு வந்தேன். தொழிற்சாலைகளுக்குக் கூரை அமைக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் எஸ்டிமேட்டராகச் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் அதே வேலையைப் பார்த்து, 2016-இல் ஓய்வு பெற்றேன். கூரையை அளப்பதும், அதற்கு வேண்டிய பொருளையும் கூலியையும் கணக்கிடுவதுமே என் பிழைப்பு. அந்நாளில் கல்நார் சிமெண்டுத் தகடுகள்தாம் பெருவழக்கு. ஒரு தகட்டின் அகலம் 1.05 மீட்டர்; ஆனால் பக்கத்துத் தகட்டின்மேல் அது சற்று ஏறி நிற்க வேண்டியிருப்பதால் 1.01 மீட்டரைத்தான் மூடும். மேல் வரிசைத் தகடு கீழ் வரிசையின்மீது 15 சென்டிமீட்டர் ஏறி நிற்க வேண்டும். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200, அதன் ஒன்பதாம் பகுதி கூரை வேய்தலுக்குரியது. இவ்வாறு ஏறி நிற்கும் பாகத்துக்குத் தனியே அளவு கிடையாது என்பது அளவுமுறை. ஒப்பந்தக்காரருக்குப் பணம் கிடைப்பது மூடிய பரப்புக்கு; அவர் விலை கொடுத்து வாங்குவதோ அதனினும் அதிகமான பரப்புக்கு. இந்த வேற்றுமையை மறந்தவர் நஷ்டப்படுவார். வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர்களுக்கெல்லாம் நான் முதல் நாளில் கற்பித்த பாடம் இதுதான்.

இனி என் மகனைப் பற்றி. அவன் புனேயில் வேலை பார்க்கிறான். அவன் தொழிலும், ஒரு வகையில், என் தொழிலேதான். அமெரிக்க நாட்டு வீடுகளின் கூரைகளை இரவெல்லாம் கண் விழித்து அவன் அளக்கிறான். டெக்ஸாஸ், ஒக்லஹோமா போன்ற மாநிலங்களில் ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்தால், கூரைகள் சிதைந்து, இன்சூரன்ஸ் கோருவோர் திரளாகக் கிளம்புவார்கள். கூரைக்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏணியும் நாடாவும் தூக்கிக்கொண்டு போவதற்குப் பதிலாக, விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கணினித் திரையில் வைத்து, மென்பொருளின் துணையால் அளந்து அறிக்கை பெற்றுக்கொள்கிறார். நேர்மேலிருந்து எடுத்த படத்தோடு, நான்கு பக்கமிருந்தும் சாய்வாக எடுத்த படங்களும் அங்கே கிடைப்பதால், கூரையின் சரிவையும் அவற்றிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். முகட்டின் நீளம், இரண்டு சரிவுகள் உட்புறமாகச் சேரும் கூடுவாயின் நீளம், இறவாணத்தின் நீளம், மொத்தப் பரப்பு, வெட்டிக் கழிவதற்காகச் சேர்க்க வேண்டிய பங்கு ஆகிய அனைத்தும் ஒரே அறிக்கையில் அடங்கிவிடும்.

அவ்வறிக்கை ஒன்றை அவன் முதன்முதலாக எனக்குக் காட்டியபோது, பரப்பை ‘ஸ்கொயர்’ என்ற கணக்கில் குறித்திருந்தார்கள். ஒரு ஸ்கொயர் என்பது 100 சதுர அடி என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்க் கொத்தனார்களும் தச்சர்களும் இன்றளவும் வீட்டைச் ‘சதுரம்’ என்ற கணக்கில்தானே பேசுகிறார்கள்? பத்துச் சதுரம் என்றால் ஆயிரம் சதுர அடி. டெக்ஸாஸ் கூரைக்காரரும் திருநெல்வேலித் தச்சரும் ஒரே அளவையால் பேசுகிறார்கள் என்பதை அறிந்து தந்தையும் மகனும் அன்று வெகுநேரம் மகிழ்ந்திருந்தோம். அந்த மகிழ்ச்சி நீடித்திருக்கலாம்.

எங்கள் பூர்வீக வீடு தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. நடுவில் முற்றம்; அதைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டு; பனங்கை பரப்பி, ரீப்பர் அடித்து, மங்களூர் ஓடு வேய்ந்த கூரை. ஓட்டின் அடிப்புறத்தில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகப் பதிந்திருக்கும். சிறுவயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டதே அந்த ஓடுகளில்தான். 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் மங்களூரில் தொழிற்சாலை நிறுவி இவ்வகை ஓட்டைச் செய்யத் தொடங்கினார். பிற்பாடு வேறு பலரும் தொழிற்சாலைகள் ஏற்படுத்தினார்கள். ஓட்டுக்கு ஓடு காடியில் பொருந்திக்கொள்வதே இதன் சிறப்பு. அந்த வீட்டில் இன்று வசிப்பவள் என் தமக்கை ஒருத்திதான். கணவரை இழந்தவள், எழுபதைத் தாண்டியவள்.

2022-ஆம் ஆண்டு தை மாதத்தில் அக்கா தொலைபேசியில் பேசினாள்: “தம்பி, இந்த ஆண்டு ஐப்பசி மழையைக் கூரை தாங்காது போலிருக்கிறது. ஆசாரியை வரச்சொல்லிப் பார்த்தேன். முழுவதும் பிரித்து வேய வேண்டும் என்கிறார்.”

ஆசாரியை நான் அறிவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கதவு, நிலை, தொட்டில் எல்லாம் அவர் குடும்பத்தார் கைவேலை. அவர் கூறிய கணக்கு: பத்தொன்பது சதுரம், ஓடு இரண்டாயிரத்து அறுநூற்றைம்பதுக்குக் குறையாது, பதினான்கு கைமரம் மாற்ற வேண்டும், கூடுவாய் நான்குக்கும் புதுத் தகடு போட வேண்டும். அதற்கு அவர் கூறிய தொகையைக் கேட்டு நான் மலைத்தேன்.

அன்றிரவே மகனைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டை இணையத்தில் கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தில் தேடிப் பிடித்தோம். செம்மண் நிறத்தில் ஒரு சதுரமும், நடுவில் முற்றமாகிய கரும்புள்ளியும் திரையில் தெரிந்தன. நான் பிறந்த வீட்டை வானத்திலிருந்து பார்க்கிறேன் என்ற எண்ணத்தில் சற்று நேரம் பேச்சற்றிருந்தேன். மகன் நான்கு மூலைகளையும் குறித்து, கோடிழுத்து, முற்றத்தைக் கழித்தான். தரையளவில் 1,500 சதுர அடி.

“அப்பா, சரிவு எவ்வளவு என்று கேட்கிறது” என்றான். அமெரிக்காவைப் போலச் சாய்வுப் படங்கள் எங்கள் ஊருக்கு இல்லை. நேர்மேலிருந்து எடுத்த படம் ஒன்றே உண்டு. அதில் சரிவு தெரியாது. ஆகவே எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும்.

“ஐந்துக்கு ஒன்று என்று போடு” என்றேன்.

முப்பத்தைந்து ஆண்டுகளாக என் நாவில் பழகிய எண் அது. தொழிற்சாலைத் தகட்டுக் கூரைகளுக்கு ஐந்தடிக்கு ஓரடி உயர்ந்தால் போதும். ஓட்டுக் கூரை அதனினும் செங்குத்தானது என்பது எனக்குத் தெரியாத விஷயமன்று. ஆயினும் அந்த வேளையில் யோசிக்காமல் வாய் கூறிவிட்டது. மென்பொருள் அதை நம்பி, 1,530 சதுர அடி என்று ஒரு நொடியில் விடை தந்தது. பதினைந்தேகால் சதுரம்! ஆசாரி கூறியதோ பத்தொன்பது.

மறுநாள் காலை ஆசாரிக்கு நானே போன் செய்தேன். குரலை உயர்த்தவில்லை; ஆனால் நான் பேசிய தோரணை எத்தகையது என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. “அண்ணாச்சி, நாங்கள் வானத்திலிருந்தே அளந்துவிட்டோம். பதினைந்தேகால் சதுரம்தான் வருகிறது. மீதி கால் குறைய நாலு சதுரம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “அப்படியானால் வானத்திலிருந்தே வேய்ந்துகொள்ளுங்கள், தம்பி” என்று கூறி வைத்துவிட்டார்.

வேறொரு கூட்டத்தாரை அமர்த்தினோம். என் கணக்குப்படி 2,150 ஓடு வாங்கினோம். சித்திரை மாதம் பிறந்ததும் பழைய ஓட்டைப் பிரித்து வேலையைத் தொடங்கினார்கள். பழைய ஓடு பெரும்பாலும் பொரிந்து போயிருந்தது. மீண்டும் ஏற்றத் தகுதியில்லை. கிழக்குக் கட்டும் தெற்குக் கட்டும் நன்றாக முடிந்தன. வடக்குக் கட்டும் ஒருவாறு முடிந்தது. மேற்குக் கட்டின் பாதியில் ஓடு தீர்ந்தது. இன்னும் ஐந்நூறு ஓட்டுக்கு மேல் வேண்டும் என்றார்கள். வேறு தொழிற்சாலை ஓட்டை வாங்கிப் பார்த்தார்கள், காடி பொருந்தவில்லை. ஒருவர் ஓட்டின் காடி மற்றவர் ஓட்டுடன் சரியாக அமர்வதில்லை. அமராத இடத்தில் மழை புகும். அதே தொழிற்சாலை ஓடு வருவதற்கு மூன்று வாரம் ஆகும் என்று கடைக்காரர் கைவிரித்தார். வேலையாட்கள் தார்ப்பாய் விரித்துக் கட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த மூன்று வாரத்துக்குள் ஓரிரவு கோடை மழை பெய்தது. காற்றில் தார்ப்பாய் கிழிந்தது. மேற்குக் கட்டில் இருந்த நெல் மூட்டைகளும், எங்கள் தகப்பனார் கைப்பட எழுதிய கணக்கு நோட்டுகள் இருந்த மர அலமாரியும் நனைந்தன. அக்கா அன்றிரவு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தாளாம். அவள் இதை எனக்குத் தெரிவிக்கவில்லை. அடுத்த வீட்டார் கூறித்தான் அறிந்தேன். “உனக்குச் சொல்லி என்ன ஆகப் போகிறது? நீ அங்கேயல்லவா இருக்கிறாய்?” என்றாள் பிறகு. அவள் அதைக் குறையாகக் கூறவில்லை. ஆயினும் அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

ரயிலேறி ஊருக்குப் போனேன். போய்ச் சேர்ந்த அன்றே, கூரையின் பக்கச்சுவரோரம் ஏணி சாய்த்து, ஒரு கயிற்றையும் நாடாவையும் கொண்டு சரிவை அளந்தேன். குறுக்காக ஆறடி போவதற்குள் கூரை மூன்றரை அடி உயர்ந்தது. கணக்குப் போட எழுதுகோல் தேவைப்படவில்லை. ஏணியில் நின்றபடியே என் தலை குனிந்தது. ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் தரையளவு நூறு சதுர அடி என்றால் கூரையளவு 102 சதுர அடிதான். ஆறுக்கு மூன்றரை என்ற சரிவிலோ அது 116 ஆகிவிடும். 1,500 சதுர அடிக்கு 1,737 சதுர அடி. நான் கொடுத்த எண்ணால் மட்டும் இரண்டு சதுரம் காணாமற் போயிருந்தது.

மிச்சம் எங்கே என்று கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். அங்கே மாமரம் கவிந்து நின்றது. அதன் அடியில், பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமுமாக ஒரு தாழ்வாரம். அக்கா விறகு அடுக்குமிடம். வானத்துப் படத்தில் அந்த இடத்தில் மாமரம்தான் தெரிந்தது, தாழ்வாரம் தெரியவில்லை. நான் சிறுவனாக ஓடியாடிய இடத்தை நானும் மறந்துவிட்டேன். அதன் சரிவளவு ஏறக்குறைய 139 சதுர அடி. இரண்டையும் கூட்டினால் 1,876. பத்தொன்பது சதுரத்துக்குச் சற்றே குறைவு. ஓர் ஓடு இரண்டு ஓடு உடைந்தால் சரியாகிவிடும்.

மாலையில் ஆசாரி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார். “வாங்க தம்பி” என்று எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. “அண்ணாச்சி, உங்கள் கணக்கே சரி. நான்தான் தப்பாக அளந்தேன், தப்பாகவும் பேசிவிட்டேன். மன்னிக்க வேண்டும்” என்றேன். அவர் பதில் கூறாமல் உளியை இரண்டு முறை கல்லில் இழுத்தார். “அக்கா நனைந்துவிட்டார்களாமே” என்றார். அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் கருவிப் பையுடன் வந்துவிட்டார்.

நாடாவும் இல்லாமல், ஏணியும் ஏறாமல் எப்படி அளந்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். “ஓட்டை எண்ணினேன்” என்றார். முற்றத்தில் நின்று உட்சரிவையும், தெருவிலும் கொல்லையிலும் நின்று வெளிச்சரிவையும் பார்த்து, முகட்டிலிருந்து இறவாணம் வரை எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை ஓடு என்று எண்ணியிருக்கிறார். ஓர் ஓடு மேலிருந்து கீழாகப் பன்னிரண்டரை அங்குலமும், குறுக்கே எட்டேகால் அங்குலமும் மூடும். சதுரத்துக்கு ஏறக்குறைய 140 ஓடு. ஓடுகள் சரிவின்மேல் படுத்திருப்பவை அல்லவா? ஆகவே ஓட்டை எண்ணுகிறவர் சரிவைத் தனியே அளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையிலேயே சரிவு அடங்கிவிடுகிறது. முப்பத்தைந்து ஆண்டு எஸ்டிமேட் போட்ட எனக்கு இந்த யுக்தி தோன்றியதில்லை.

பதினான்கு கைமரத்தின் கதையும் அவ்வண்ணமே. பகல் வேளையில் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாராம். கூடுவாய்க்கு அருகே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்த இடங்களில் தண்ணீர் இறங்கியிருக்கும். அங்கே பனங்கையை உளியின் பிடியால் தட்டிப் பார்த்தால் மக்கியதற்கு ஒரு சத்தம், நல்லதற்கு வேறு சத்தம். முன்பு வந்த கூட்டத்தார் வேய்ந்திருந்த தெற்குக் கட்டில், புது ஓட்டுக்கு அடியில் மக்கிய கைமரம் ஐந்து அப்படியே இருந்தது. நான் பணம் குறைத்தேன். அவர்கள் மரத்தைக் குறைத்துவிட்டார்கள். ஓட்டை மறுபடி பிரித்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மிச்சம் பிடிக்க எண்ணிய தொகையைக் காட்டிலும் அதிகமாகவே செலவாயிற்று.

இதையெல்லாம் படித்துவிட்டு, அந்த மென்பொருள் பயனற்றது என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். என் மகனின் வேலையை நான் இன்று முன்னைவிட மதிக்கிறேன். ஏணியிலிருந்து விழுந்து காலொடிந்த அளவைக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். வானத்துப் படம் அவர்களைத் தரையில் நிறுத்துகிறது. கோடிழுத்த இடத்தில் அது தந்த தரையளவு சரியாகவே இருந்தது. தவறான சரிவைக் கொடுத்தவன் நான். அதைவிடப் பெரிய தவறு, இரண்டு கணக்குகள் வேறுபட்டபோது, ஏன் வேறுபடுகின்றன என்று கேளாமல், யார் ஏமாற்றுகிறார் என்று கேட்டது. அலுவலகத்தில் இரண்டு அளவுகள் ஒத்துவராவிட்டால் இரண்டையும் மறுபடி பார்ப்பேன். சொந்த ஊர்த் தச்சரிடம் மட்டும் அந்த மரியாதையை நான் காட்டவில்லை. வெளியூரில் பல ஆண்டு இருந்துவிட்டால், ஊரில் இருப்பவர்கள் நம் பணத்தை எதிர்பார்த்தே நிற்கிறார்கள் என்ற ஒரு சந்தேகம் நம்மை அறியாமல் நெஞ்சில் குடிபுகுந்துவிடுகிறது. எனக்கு அது இருந்ததென்பதை அந்த ஏணியின்மேல் நின்றபோதுதான் அறிந்தேன்.

ஊர் வீட்டுக் கூரையை இங்கிருந்து கணக்கிட நேரும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். படத்தில் வரும் பரப்பு தரையளவே என்பதை மறவாதீர்கள். ஊரில் இருக்கும் ஒருவரைக் கொண்டு, ஓரடிக் கோலைப் பக்கச்சுவரோரம் மட்டமாகப் பிடித்து, அந்த ஓரடிக்குள் கூரை எத்தனை அங்குலம் உயர்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். அது ஏழு அங்குலம் என்றால், நூறுக்கு 116 என்று கொள்ளலாம். படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று பாருங்கள். மரம் மறைத்த இடம் உண்டா என்று வீட்டில் வசிப்பவரைக் கேளுங்கள். ஓட்டின் அடியில் பதிந்த பெயரைக் குறித்துக்கொண்டு, உடைவதற்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். கூரையின் அடிப்புறத்தைப் பகலில் உள்ளே நின்று பார்த்தவரின் வார்த்தைக்கு மதிப்புக் கொடுங்கள். அந்தப் பக்கத்தை வானத்திலிருந்து யாரும் பார்க்க முடியாது.

அடுத்த பொங்கலுக்கு மகனும் என்னுடன் ஊருக்கு வந்தான். ஆசாரியுடன் பரணில் ஏறி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். இறங்கி வந்ததும், “அப்பா, இவர் ஆறடிக்கு மூன்றரை அடி என்கிறார். எங்கள் திரையில் பன்னிரண்டுக்கு ஏழு என்று போடுவோம். இரண்டும் ஒன்றுதான்” என்றான். ஆசாரி புன்னகை புரிந்தார். தம் தகப்பனார் சொல்லிக்கொடுத்த சரிவு அமெரிக்காவிலும் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார்.

அதற்கு முன்பே, வேலை முடிந்த அந்த ஆண்டு ஐப்பசியில், ஒரு பின்னிரவில் அக்காவிடமிருந்து போன் வந்தது. பதறி எடுத்தேன். “ஒன்றுமில்லை தம்பி, கேள்” என்று கூறி, போனை முற்றத்துப் பக்கமாக நீட்டினாள். நான்கு கூடுவாயிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டும் ஓசை மும்பையில் என் காதில் விழுந்தது. சிறுவயதில் அந்த ஓசையைக் கேட்டபடியே உறங்கியிருக்கிறேன்.

“உள்ளே ஒரு சொட்டு இல்லை” என்றாள் அக்கா. “நீ தூங்கு.”